டீச்சரம்மாவின் வரலாற்றை எழுத உட்காரும்போது

எண்பதாவது பிறந்தநாளுக்கோ முதலாண்டு நினைவு நாளுக்கோ, சிங்கப்பூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவைப் பற்றிச் சிறிய புத்தகம் ஒன்று போடலாம் என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். புத்தகம் கைக்கு வந்ததும் திறந்தால், முதல் பக்கத்தில் 'அன்பே உருவானவர்', இரண்டாம் பக்கத்தில் 'ஓயாத உழைப்பாளி', மூன்றாம் பக்கத்தில் 'சிறந்த மனைவி, பாசமிகு தாய், மாணவர் போற்றும் ஆசான்'. அதே பக்கங்களில் வேறொரு டீச்சரின் படத்தை ஒட்டினால் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது. நாற்பது ஆண்டு வேலையும் ஐம்பது ஆண்டுக் குடும்பமும் இப்படித்தான் காணாமல் போகின்றன.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. குணத்தைச் சொல்லும் சொற்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய ஒரு நாளை எழுதுங்கள். ஏதோ ஒரு நாள் வேண்டாம். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அந்த ஆண்டின் சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றை எழுதுங்கள். கடைசிப் பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த ஆண்டு பெரும்பாலும் நன்றாக அமையும். வீடும் பள்ளியும் ஒன்றையொன்று அதிகம் இழுத்த காலம் அதுதான்.

அந்த நாளின் முதுகெலும்பு பள்ளியின் பிரிவு. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் ஒரே கட்டடத்தில் இரண்டு பிரிவாக நடந்தன. காலைப் பிரிவு ஏறத்தாழ ஏழரை முதல் ஒரு மணி வரை, மாலைப் பிரிவு ஒரு மணி முதல் ஆறரை வரை. டீச்சர் எந்தப் பிரிவில் இருந்தார், பிள்ளைகள் எந்தப் பிரிவில் படித்தார்கள் என்ற இரண்டும் தெரிந்தால் குடும்பத்தின் பாதிக் கதை வந்துவிடும். அம்மா காலைப் பிரிவு, மூத்தவள் மாலைப் பிரிவு என்றால் இருவரும் வார நாளில் பார்த்துக்கொண்ட நேரம் எவ்வளவு? சாவி யாரிடம் இருந்தது? மதியச் சோற்றை யார் போட்டார்கள்? அம்மா வரும்வரை சின்னவன் எந்த வீட்டில் இருந்தான்? பக்கத்து வீட்டு மலாய்க்கார 'மக்சிக்' (அத்தை) ஒருவரோ சீன ஆயாவோ இந்த இடத்தில்தான் புத்தகத்துக்குள் வருவார்கள். வேறு எந்த அத்தியாயத்திலும் அவர்களுக்கு இடம் கிடைக்காது.

நாளை எழுதும்போது மணியைப் போடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், முதலில் எந்த அடுப்பைப் பற்ற வைத்தார், மண்ணெண்ணெயா கேஸா, சேலையைக் கட்டி முடிக்க எவ்வளவு நேரம், எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறினார், இரவு எத்தனை நோட்டுகளைத் திருத்தினார். நாற்பது பிள்ளைகள் உள்ள இரண்டு வகுப்புக்குக் கட்டுரை நோட்டு என்றால் எண்பது நோட்டு. ஒன்றுக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் ஐந்து மணி இருபது நிமிடம். 'ஓயாத உழைப்பாளி' என்று எழுதுவதற்குப் பதில் இந்தக் கணக்கைப் போட்டால் போதும்.

தேதிகளில்தான் பிழை அதிகம். சில இடங்களில் எல்லாரும் ஒரே மாதிரித் தவறுகிறார்கள்.

முதலாவது, பயிற்சிக் காலம். 'மூன்று ஆண்டு கல்லூரியில் படித்தார், பிறகு ஆசிரியரானார்' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். ஐம்பது, அறுபதுகளில் ஆசிரியர் தேவை அவ்வளவு கடுமையாக இருந்ததால், பலர் பாதி நாள் பள்ளியில் பாடம் நடத்தி மீதி நாளில் பயிற்சிக்குப் போனார்கள். ஆகவே வேலையில் சேர்ந்த ஆண்டும் பயிற்சி தொடங்கிய ஆண்டும் ஒன்றாகவே இருக்கலாம். 'கல்லூரியில் இருந்தபோது சம்பளம் வந்ததா?' என்று ஒரு கேள்வி கேட்டால் தெளிந்துவிடும். நிலையத்தின் பெயரையும் ஆண்டோடு பொருத்திப் பாருங்கள்: 1950இல் தொடங்கியது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அது 1973இல் கல்விக் கழகமானது, 1991 முதல் தேசியக் கல்விக் கழகம். 1964இல் தேசியக் கல்விக் கழகத்தில் பயின்றார் என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

இரண்டாவது, திருமணம். அறுபதுகளின் தொடக்கம் வரை அரசாங்க வேலையில் இருந்த பெண்களுக்குத் திருமணமானதும் நிரந்தரப் பணி போய், மாதத்துக்கு மாதம் நீட்டிக்கும் தற்காலிகப் பணியே மிஞ்சும் நிலை இருந்தது. ஆண்களுக்கு நிகரான சம்பளம் 1962இல் அறிவிக்கப்பட்டு, படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் மணமுடித்தவர் என்றால், 'கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக் கடிதம் மாறிச்சா அம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு இது தெரிந்தே இருக்காது. மூன்றாவது பிள்ளை 1973க்குப் பிறகு பிறந்திருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. 'இரண்டு போதும்' இயக்கம் 1972இல் தொடங்கியது; அடுத்த ஆண்டே சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிரசவத்தோடு நின்றது. மூன்றாவது பிள்ளைக்காக அவர் எத்தனை நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார், அந்த மாதங்களை வீடு எப்படிச் சமாளித்தது என்று கேட்டால், மனைவியாகவும் தாயாகவும் ஆசிரியையாகவும் அவர் ஒரே நேரத்தில் என்ன கணக்குப் போட்டார் என்பது தெரியும்.

மூன்றாவது, மொழி. தமிழ்வழிப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தியவரா, ஆங்கிலப் பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாக நடத்தியவரா? இரண்டும் வேறு வேறு வேலை. தொடக்கப்பள்ளிகளில் இரண்டாம் மொழி 1960இலும் உயர்நிலைப் பள்ளிகளில் 1966இலும் கட்டாயமானது. அதன்பின் தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறையக் குறைய, அங்கிருந்த ஆசிரியர்கள் ஆங்கிலப் பள்ளிகளுக்குத் தமிழ் நடத்தப் போனார்கள். ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டுவிட்டன. ஒரு காலத்தில் வகுப்பு ஆசிரியையாக எல்லாப் பாடத்தையும் நடத்தியவர், பிற்பாடு வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வந்து சேரும் ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, காலியான அறை கிடைக்கும் இடத்தில் பாடம் நடத்தியிருப்பார். சொந்த வகுப்பறை எந்த ஆண்டோடு இல்லாமல் போனது என்று கேளுங்கள். இந்த மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும் புத்தகங்கள்தான் அதிகம். இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆண்டையும் வயதோடு ஒட்டிப் பாருங்கள். சட்டப்படியான குறைந்தபட்ச ஓய்வு வயது 1993இல் 60, 1999இல் 62 என்று உயர்ந்தது. அதற்கு முன்பு 55 என்பதே வழக்கம். 1935இல் பிறந்தவர் 1990இல் ஓய்வு பெற்று, பிறகு சில ஆண்டு ஒப்பந்தத்தில் பாடம் நடத்தியிருந்தால், 'ஓய்வு' என்று அவர் சொல்லும் ஆண்டும் கடைசியாகக் கரும்பலகை முன் நின்ற ஆண்டும் வெவ்வேறாக இருக்கும். இரண்டையும் போடுங்கள்.

ஆண்டு நினைவுக்கு வராதபோது நேராக ஆண்டைக் கேட்பதில் பலனில்லை. ஊருக்கே தெரிந்த ஒரு நிகழ்ச்சிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். புக்கிட் ஹோ சுவீ தீ 1961 மே. தொலைக்காட்சி வந்தது 1963. இனக்கலவரமும் ஊரடங்கும் 1964. பஸ் நிறுவனங்கள் மூன்றாக இணைந்தது 1971, எஸ்பிஎஸ் (சிங்கப்பூர் பஸ் சர்வீஸ்) என்று ஒன்றானது 1973. பெருவெள்ளம் 1978 டிசம்பர். ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்தது 1986. எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987. 'அறுபத்தெட்டுல எஸ்பிஎஸ்லதான் போவேன்' என்று அவர் சொன்னால் ஆண்டு பிசகுகிறது அல்லது பஸ் பிசகுகிறது. அதை அவரிடம் வாதாட வேண்டாம். ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

ஜாதகம் போட நினைக்கும் பேரப்பிள்ளைகளுக்காக இடையில் ஒன்று. சிங்கப்பூர்க் கடிகாரம் 1982 புத்தாண்டிலிருந்துதான் இப்போதைய நேரத்தைக் காட்டுகிறது. போர் முடிந்ததிலிருந்து அதுவரை அரைமணி பின்தங்கியிருந்தது. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம். 1943இல் 'காலை ஆறு மணி' என்று எழுதிவைத்திருந்தால், இன்றைய கணக்கில் அது ஐந்து மணி.

இனி பெயர். ஆவணங்களைத் தேடும்போது பாதிப் பேர் தோற்பது இங்கேதான். அடையாள அட்டையில் தந்தை பெயரோடு 'டி/ஓ' (இன்னாரின் மகள்) போட்டிருக்கும். பள்ளி ஆண்டு மலரிலும் பழைய நாளிதழிலும் கணவர் பெயரோடு 'மிஸஸ்' என்றோ 'திருமதி' என்றோ வந்திருக்கும். சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒரு விதம், சம்பளச் சீட்டில் வேறு விதம். திருமணத்துக்கு முன் 'செல்வி'. தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் இந்த வடிவங்களை எல்லாம் எழுதி வையுங்கள். ஆறேழு தேறும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களில் அந்த ஆறேழையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களுக்குச் சொல்லைப் போட்டுத் தேடுவதைவிட, நிகழ்ச்சி நடந்த தேதியை வைத்து அடுத்த ஒரு வாரத்து இதழ்களைப் புரட்டுவது பலன் தரும். பழைய அச்சு மங்கல். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை', 'றா' எல்லாம் வேறு வடிவம். கணினி அவற்றைச் சரியாகப் படிக்குமென்று நம்பியிருக்க முடியாது. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

மூடப்பட்ட அல்லது இணைக்கப்பட்ட பள்ளி என்றால், இணைந்த பள்ளியின் மரபுடைமை அறையைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஆண்டு மலர்கள் பெரும்பாலும் அங்கே கட்டாகக் கிடக்கும். ஆசிரியர் குழுப் படத்தில் யார் எந்த வரிசை என்பதை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

பேட்டி எடுப்பதற்குக் கைப்பேசியே போதும். வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், மேசையில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். நேராக மேசையில் வைத்தால் கைபடும் ஒவ்வொரு தட்டும் இடியாகப் பதிவாகும். மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்தினால் புழுங்கும்தான், ஆனால் கீழ்த்தளத்துப் புல்வெட்டும் இயந்திரத்தை எந்தச் செயலியாலும் முழுதாக நீக்க முடியாது. ஒரு அமர்வு நாற்பது நிமிடம். மறதி தொடங்கியவர் என்றால் இருபது போதும். காலைப் பலகாரத்துக்குப் பின் உட்காருங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தாளில் இறக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். பத்து மணி நேரம் பதிவு செய்துவிட்டு ஒரு வரியும் இறக்காமல் விட்ட குடும்பங்களே அதிகம். பதிவு செய்த அதே வாரத்தில் இறக்கிவிடுங்கள்.

அறையில் ஒருவர் கேட்க ஒருவர் பேச வேண்டும். அப்பா பக்கத்தில் இருந்தால், 'அது அப்படி இல்ல, எழுபத்திரண்டு' என்று குறுக்கே வருவார். அம்மா, 'அவர் சொல்றதுதான் சரி' என்று நிறுத்திக்கொள்வார். அப்பாவிடம் தனியாக இன்னொரு நாள் அதே ஆண்டைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் அச்சிடலாம். ஐம்பது ஆண்டு இல்லறத்தை அதைவிட நன்றாக எந்தப் பத்தியும் காட்டிவிடாது. கணவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: 'அம்மா நோட்டுத் திருத்தும்போது நீங்க என்ன செய்வீங்க?'

'உங்கள் ஆசிரியப் பணி எப்படி இருந்தது?' என்று கேட்டால் மேடைப் பேச்சுத்தான் வரும். டீச்சர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். பழைய மின்னட்டை (வகுப்பில் தூக்கிக் காட்டும் சொல் அட்டை), பாடக்குறிப்பேடு, சிவப்பு மைப்பேனா எதுவானாலும் சரி. குறிப்பாக ஸ்டென்சிலைப் பற்றிக் கேளுங்கள். ஒளிப்படி எடுக்கும் இயந்திரம் பரவலாவதற்கு முன் பயிற்சித்தாள் என்றால், மெழுகு பூசிய தாளில் எழுத்தாணியால் கீறி, உருளையில் சுற்றி, மை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தமிழுக்கு இது தனி அவதி. 'ண', 'ன' போன்ற எழுத்துகளின் சுழியைக் கொஞ்சம் அழுத்திக் கீறினால் நடுவில் இருக்கும் மெழுகுத் துண்டு பெயர்ந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக விழும். பிழை திருத்த மேலே ஒரு திரவத்தைத் தடவிக் காயவிட்டு மறுபடி கீற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, பிள்ளைகள் உறங்கிய பின், சமையலறை மேசையில் நடந்த வேலை இது. அழுத்தாமல் சுழி போடும் விதத்தை அவர் விரலாலேயே காட்டுவார். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் கணினிக்கு மாறியவர் என்றால் பழைய வட்டுகளில் பயிற்சித்தாள்கள் இருக்கும். திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் இருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமியின் 'கணியன்' போன்ற எழுத்துருக்கள் அந்தக் காலத்தவை. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்தால் மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

படங்களுக்கு இந்த ஊரின் ஈரப்பதம்தான் எமன். எழுபது, எண்பதுகளின் பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தை நகத்தால் கிளப்பினால் முதுகோடு கிழியும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் நுழைத்து, அறுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு). கட்டைவிரல் அளவு பாஸ்போர்ட் படத்துக்கு 1200. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட திருமணப் படத்தைப் பிரிக்கவே முயலாதீர்கள். லேமினேட் செய்வதும் கூடாது. பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில்; பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். ஸ்கேன் செய்த கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

முன்னாள் மாணவர்களிடம் 'டீச்சரைப் பற்றி எழுதித் தாருங்கள்' என்று கேட்டால் வாழ்த்து மடல் வரும். 'டீச்சர் எந்தப் பாடத்தில் என்ன செய்தார், எந்த வகுப்பில்?' என்று மட்டும் கேட்டு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத வாட்ஸ்அப் குரல்பதிவு கேளுங்கள். அடித்ததையும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிரம்பு சாதாரணம். டீச்சர் சம்மதித்தால் அதையும் போடுங்கள், வெட்டிவிட்டால் மற்றவற்றையும் நம்பமாட்டார்கள். பழைய மதிப்பெண் பட்டியலையோ நன்னடத்தைக் குறிப்பையோ பிள்ளைகளின் பெயரோடு அச்சிடக் கூடாது. அவர்களுக்கு இப்போது அறுபது வயது, பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

அச்சு எளிதான பகுதி. நடுவில் கம்பி தைக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பக்கம் கைக்கு அடக்கம். எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடி போட்டவர்கள். வீட்டோடு நிற்காமல் வெளியாருக்கும் வழங்குவதென்றால் தேசிய நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வெளியிட்ட நான்கு வாரத்துக்குள் இரண்டு படி அங்கே ஒப்படைக்க வேண்டும்.

அம்மா இருக்கும்போதே எழுதுகிறீர்கள் என்றால், அச்சுக்கு இரண்டு வாரம் முன்பே முழுப் பிரதியையும் இரட்டை இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து அவரிடம் கொடுங்கள். கூடவே ஒரு சிவப்பு மைப்பேனாவும். விவரங்களைச் சரிபார்க்கத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் முதல் மூன்று பக்கங்களில் வலிமிகும் இடம், வலிமிகா இடம் மட்டும்தான் திருத்தப்பட்டு வரும். நான்காம் பக்கத்திலிருந்து ஓரத்தில் குறிப்புகள் வரத் தொடங்கும்: 'இது ஏழாம் நம்பர் வகுப்பறை', 'அன்று மழை', 'இந்தப் பிள்ளை பெயர் தவறு'. திரும்பி வரும் அந்தத் தாள்களை மூலப்பிரதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.